ஐந்து குழல், முப்பத்தெட்டு வாய்

சாட்ஸ்வொர்த், மூன்றாம் யூனிட்.
இசை எனக்கு முதலில்
டெட்டால் ருசியாகத்தான் வந்தது.

ரெக்கார்டர் என்றால் பாட்டுப் பிடிக்கும் பெட்டி இல்லை,
பால்நிறப் பிளாஸ்டிக் குழல்.
பள்ளிக்கு வந்தவை ஐந்து.
வகுப்பில் நாங்கள் முப்பத்தெட்டு.
ஐஸ்கிரீம் டப்பாவில் டெட்டால் தண்ணீர்;
ஒருவர் ஊதி முடித்ததும் முக்கி, உதறி,
அடுத்த வாய்க்கு.
எனக்கு முன்னால் எப்போதும் பூபாலன் மூட்லி.
எத்தனை முக்கினாலும்
அவன் தின்ற மாங்காய் ஊறுகாய்
டெட்டாலைத் தாண்டி வரும்.

முறை வராதவர்கள் பென்சிலில் விரல் வைக்கணும்.
பி: கட்டைவிரலும் ஆள்காட்டியும்.
ஏ: கூட ஒரு விரல்.
ஜி: இன்னும் ஒன்று.
ஆறு வாரம் பென்சிலில் வாசித்தேன்.
ஒரு பிசிறு இல்லை.
அவ்வளவு சுத்தமாக
அதற்குப் பிறகு வாசித்ததே இல்லை.

ஏழாம் வாரம் குழல் கைக்கு வந்தது.
பி வந்தது. ஏ வந்தது.
மோதிர விரல் துளையை விட மெலிசு.
ஜி,
அடுப்பில் மறந்துபோன கெட்டில்.
வகுப்பே சிரித்தது, பூபாலனைத் தவிர.
அவனுடைய ஜி-யும் அப்படித்தான்.

குழலை வீட்டுக்குத் தரமாட்டார்கள்.
கவுன்சில் வீட்டுப் பின்புறத்தில் பப்பாளி இருந்தது,
உள்ளே காலியான இலைக்காம்புகளோடு.
மூன்று நீளத்தில் மூன்று காம்பு,
பி, ஏ, ஜி.
பால் பட்டு உதடு வீங்கியது இருவருக்கும்.
வீங்கிய உதட்டோடும் ஊதினோம்.

பக்கத்து வீட்டு ரெஜி சர்க்கரை ஆலையில் நைட் ஷிப்ட்.
பகல்தான் அவருக்கு ராத்திரி.
ஜன்னல் திறந்தது, பனியனோடு ஒரு பாதி ரெஜி:
"எழுப்புறதுன்னா எழுப்பு.
அந்த மூணாவதை மட்டும் சரிபண்ணிட்டு எழுப்பு."
ஜன்னல் சாத்திக்கொண்டது.

காம்பைக் கொஞ்சம் நறுக்கினோம்.
இன்னும் கொஞ்சம்.
இன்னும் ஒரு நகமளவு.
சாயங்காலத்துக்குள்
ஜி, ஏ-யைக் கடந்து, பி-யையும் கடந்து
எங்கோ போய்விட்டது.
மரத்தில் உச்சிக் குருத்து மட்டும் மிச்சம்.
அன்று விழுந்த அடிக்குத் தாளம் சரியாக இருந்தது.

பெற்றோர் வரும் இரவு.
மேடை நிறைந்து தெரியணும் என்றார் மிஸ் கிஸ்டன்:
ஐந்து பேர் ஊத,
முப்பத்து மூன்று பேர் ஊதுவதுபோல நிற்க.
அம்மா வேலை பார்த்தது மொபெனியில், துணி ஆலையில்.
நூல் தீர்ந்த அட்டைக் குழல்கள் முப்பத்து மூன்றைக்
கோணிப்பையில் கட்டி பஸ் ஏற்றிக் கொண்டுவந்தாள்.
கேன்வாஸ் ஷூவுக்குப் பூசும் வெள்ளையைப் பூசினோம்.
அதுவும் ஒரு ருசி, சுண்ணாம்பு மாதிரி.

பூபாலன் ஐவரில் ஒருவன்.
நான் மூன்றாம் வரிசையில், அட்டையோடு.
என் விரல் ஒன்றும் தப்பவில்லை.
ஜி வரும்போதெல்லாம்
மோதிர விரலை அழுத்தி அழுத்தி
அட்டையில் அந்த இடம் குழிந்துபோனது.

முடிந்து, இறக்கத்தில் நடந்தோம்.
வீட்டில் இங்கிலீஷ்தான்;
கோபத்துக்கும் சாமிக்கும் மட்டும்
எடுத்து வைத்திருந்த தமிழில்
அம்மா சொன்னாள்:
"உன்னோடது தனியாக் கேட்டுச்சு."
கோணிப்பையைச் சுமந்து வந்தவளே சொன்னாள்.
சிரிக்கிறாளா என்று பார்த்தேன்.
செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்திருந்தாள்.

அட்டைக் குழலை எடுத்துக்
கண்ணில் வைத்துக்கொண்டேன்.
மறுமுனை வட்டத்துக்குள்
சாப்பாட்டு டப்பாவோடு ரெஜி
வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்,
விரலளவு ஆளாக.